97–0: எட்டாவது நாற்காலிக்கு வந்த ஸ்ரீ சீனிவாசன்

2013 மே 23 அன்று அமெரிக்க செனட்டில் ஸ்ரீ சீனிவாசனின் பெயர் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 97, எதிர்ப்பு 0. கொலம்பியா மாவட்டத்துக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தை வழக்கறிஞர்கள் டி.சி. சர்க்யூட் என்பார்கள். அங்கே ஏழு ஆண்டுகளாகப் புது நீதிபதி யாரும் வந்திருக்கவில்லை. தெற்காசிய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர் அமெரிக்காவின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றில் நீதிபதியாவதும் அதுதான் முதல் முறை.

நம் பத்திரிகைகள் இந்தக் கடைசிச் செய்தியைப் பிடித்துக்கொண்டன. அப்பாவின் சொந்த ஊர் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் உள்ள மேலத்திருவேங்கடநாதபுரம் என்று தெரிந்ததும் கேட்கவா வேண்டும், நெல்லைக்காரர் ஆகிவிட்டார். சந்தோஷம்தான். ஆனால் இந்த நியமனத்தில் தோண்டிப் பார்க்க வேண்டியது ஊரை விட அந்தப் பூஜ்ஜியத்தை.

ஏன் என்றால், அதற்கு இரண்டரை மாதம் முன்பு, மார்ச் 6 அன்று, அதே செனட் அதே நீதிமன்றத்துக்கு வந்த இன்னொரு பெயரை வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தது. அவர் நியூயார்க்கைச் சேர்ந்த கெய்ட்லின் ஹாலிகன். 2012 ஜூன் 11 அன்று ஜனாதிபதி ஒபாமா இருவர் பெயரையும் ஒரே நாளில்தான் செனட்டுக்கு அனுப்பியிருந்தார். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மதிப்பீட்டுக் குழு இருவருக்குமே உச்ச மதிப்பெண் போட்டிருந்தது. இருவருமே உச்ச நீதிமன்ற நீதிபதிகளிடம் பயிற்சி பெற்றவர்கள், இருவருமே அரசுத் தரப்பில் மேல்முறையீட்டு வழக்குகளை வாதாடிப் பேர் வாங்கியவர்கள். ஒருவருக்கு எதிராக ஒரு கைகூட உயரவில்லை. இன்னொருவருக்கு வாக்கெடுப்பே கிடைக்கவில்லை. தகுதியை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது.

அந்த நீதிமன்றத்துக்கு ஏன் இவ்வளவு அடிதடி

அமெரிக்காவில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் மொத்தம் 13. பரப்பளவில் டி.சி. சர்க்யூட்தான் மிகச் சிறியது. அதன் எல்லை வாஷிங்டன் நகரத்தோடு முடிந்துவிடும். ஆனால் மத்திய அரசின் தலைமை அலுவலகங்களில் பெரும்பாலானவை அந்த நகரத்தில்தான் இருக்கின்றன. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை காற்று மாசுக்கு ஒரு வரம்பு வைத்தாலும், தகவல் தொடர்பு ஆணையம் இணையச் சேவைக்கு ஒரு விதி போட்டாலும், அதை எதிர்க்கிற நிறுவனமோ மாகாணமோ பெரும்பாலும் வந்து நிற்பது இந்த நீதிமன்றத்தில்தான். உச்ச நீதிமன்றம் வருடத்துக்கு நூறுக்கும் குறைவான வழக்குகளைத்தான் கேட்கும் என்பதால், அரசின் விதிகள் பலவற்றுக்கு டி.சி. சர்க்யூட் சொல்வதே முடிந்த முடிவு.

அப்புறம், உச்ச நீதிமன்றத்துக்கு ஏறும் படிக்கட்டும் இதுதான். ஸ்காலியா, தாமஸ், ரூத் பேடர் கின்ஸ்பர்க், ராபர்ட்ஸ் எல்லோரும் இங்கிருந்து மேலே போனவர்கள். ஆகவே இங்கே ஒரு நாற்காலியில் யாரை உட்கார வைக்கிறோம் என்பது இரு கட்சிகளுக்கும் பத்து வருடம் முன்கூட்டிப் போடுகிற கணக்கு.

2013 தொடக்கத்தில் நிலவரம் இது. சட்டப்படி 11 நாற்காலிகள். பிப்ரவரியில் டேவிட் சென்டெல் மூத்த நீதிபதி நிலைக்குப் போனதும் நான்கு காலி. மீதி ஏழு பேரில் நான்கு பேர் குடியரசுக் கட்சி ஜனாதிபதிகள் நியமித்தவர்கள், மூன்று பேர் ஜனநாயகக் கட்சி ஜனாதிபதிகள் நியமித்தவர்கள். பாதி ஓய்வில் இருந்துகொண்டு வழக்கு கேட்கும் மூத்த நீதிபதிகளையும் சேர்த்தால் குடியரசுக் கட்சியின் கை இன்னும் ஓங்கும். ஒபாமா தன் முதல் நான்கு வருடத்தில் இந்த நீதிமன்றத்துக்கு ஒரே ஒரு நீதிபதியைக்கூட அனுப்ப முடியவில்லை. சீனிவாசனுக்குக் கிடைத்த நாற்காலி ரேமண்ட் ராண்டால்ஃப் என்பவர் 2008 நவம்பரில் விட்டுப்போனது. நான்கரை வருடம் தூசி படிந்து கிடந்தது.

யாரையும் பகைத்துக்கொள்ளாத பாதை

முழுப்பெயர் பத்மநாபன் ஸ்ரீகாந்த் சீனிவாசன். 1967 பிப்ரவரி 23 அன்று சண்டிகரில் பிறந்தவர். 1970களின் தொடக்கத்தில் குடும்பம் கான்சாஸ் மாகாணத்தின் லாரன்ஸ் என்ற பல்கலைக்கழக ஊரில் நிலையாகக் குடியேறியது. அப்பா அங்கே கணிதப் பேராசிரியர். அம்மா சரோஜா முதலில் ஒரு கலைக் கல்லூரியில் பாடம் எடுத்தார், பிறகு பல்கலைக்கழகத்தின் கணினித் துறையில் வேலை பார்த்தார். பையன் லாரன்ஸ் உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆடினார். அதே அணியில் இருந்த டேனி மேனிங் பின்னாளில் தொழில்முறைக் கூடைப்பந்தில் முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். கான்சாஸ்காரர்களிடம் மேனிங் பெயரைச் சொன்னால் நீதிபதியை மறந்துவிடுவார்கள்.

ஸ்டான்ஃபோர்டில் 1989இல் இளநிலைப் பட்டம். 1995இல் அங்கேயே சட்டமும் வணிக நிர்வாகமும் சேர்ந்த இரட்டைப் பட்டம். இதுவரை சொன்னது நம்மவர்கள் வீட்டுக்கு வீடு சொல்லும் கதை. கவனிக்க வேண்டியது இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் சட்டம் படித்து முடித்த கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒரு நீதிபதியிடம் ஒரு வருடம் லா கிளார்க்காகச் சேருவார்கள். கோப்பு தூக்கும் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. வழக்கைப் படித்துக் குறிப்பு எழுதுவது, நீதிபதியோடு வாதம் செய்வது, தீர்ப்பின் முதல் வரைவைத் தயாரிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. யாரிடம் கிளார்க்காக இருந்தாய் என்பது அந்த உலகத்தில் குலம் கோத்திரம் கேட்கிற மாதிரி. சீனிவாசன் முதலில் நான்காவது சர்க்யூட் என்ற இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஹார்வி வில்கின்சனிடம் இருந்தார். பிறகு 1997–98இல் உச்ச நீதிமன்றத்தில் சாண்ட்ரா டே ஓ'கானரிடம். இந்த இரண்டு நீதிபதிகளும் குடியரசுக் கட்சி ஜனாதிபதி ரீகன் நியமித்தவர்கள். பதினைந்து வருடம் கழித்து ஒரு ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி இவர் பெயரை அனுப்பும்போது, எதிர்த்தரப்பு மதிக்கும் இரண்டு பெரியவர்களின் பெயர் இவர் பயோடேட்டாவின் முதல் பக்கத்திலேயே இருந்தது.

இரண்டு கிளார்க் வேலைகளுக்கும் நடுவில் ஒரு வருடம் சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகத்தில் பயிற்சி. உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசுக்காக வாதாடும் சிறிய அலுவலகம் அது. ஜனாதிபதிகள் மாறினாலும் அதன் வழக்கறிஞர்களில் பெரும்பாலோர் மாற மாட்டார்கள். சில வருடம் ஓ'மெல்வனி அண்டு மையர்ஸ் என்ற பெரிய சட்ட நிறுவனத்தில் இருந்துவிட்டு 2002இல் அந்த அலுவலகத்துக்கே திரும்பினார். அது ஜார்ஜ் புஷ் ஆட்சி. ஐந்து வருடம் புஷ் அரசின் வழக்குகளை வாதாடினார். மேலதிகாரிகள் முதலில் டெட் ஓல்சன், அடுத்து பால் கிளெமென்ட். இருவருமே குடியரசுக் கட்சியின் சட்ட உலகத்தில் முதல் வரிசை ஆட்கள். 2007இல் மறுபடி ஓ'மெல்வனி, இந்த முறை பங்குதாரராக. 2011 ஆகஸ்டில் ஒபாமா அரசு முதன்மைத் துணை சொலிசிட்டர் ஜெனரலாக அழைத்தது. அதற்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் நீல் கட்டியால், அவரும் இந்திய வம்சாவளி.

ஆக, புஷ்ஷுக்கும் வாதாடியிருக்கிறார், ஒபாமாவுக்கும் வாதாடியிருக்கிறார், நடுவில் பெரிய நிறுவனங்களுக்கும் வாதாடியிருக்கிறார். உச்ச நீதிமன்றத்தில் மட்டும் 25 வழக்குகள். இவ்வளவு வழக்கிலும் தன் சொந்தக் கருத்தாக எதையும் பெரிதாக எழுதி வைக்கவில்லை. பேராசிரியராக இருந்திருந்தால் கட்டுரைகள் இருக்கும், அரசியல்வாதியாக இருந்திருந்தால் மேடைப் பேச்சுகள் இருக்கும். இவர் விட்டுச் சென்ற தடம் எல்லாம் கட்சிக்காரருக்காகப் பேசியது. நீதிபதி ஆக நினைக்கும் அமெரிக்க வழக்கறிஞர்கள் பலர் இதைத் திட்டமிட்டே செய்வார்கள். சீனிவாசன் திட்டமிட்டாரா என்பது வேறு விஷயம். பலன் கிடைத்தது.

முணுமுணுப்பு வந்தது இடதுசாரிப் பக்கத்திலிருந்துதான். என்ரான் என்ற எரிசக்தி நிறுவனத்தின் மோசடியில் சிறைக்குப் போன ஜெஃப்ரி ஸ்கில்லிங்குக்காக 2010இல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர் இவர். இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக் கிராமத்தினர் எண்ணெய் நிறுவனமான எக்ஸான் மொபில் மீது போட்ட மனித உரிமை வழக்கில் இவர் நின்றது எக்ஸான் பக்கம். சுரங்க நிறுவனமான ரியோ டின்டோவும் இவருடைய கட்சிக்காரர். தொழிற்சங்கங்களும் முற்போக்கு அமைப்புகள் சிலவும் முகம் சுளித்தன. ஆனால் தங்கள் சொந்த ஜனாதிபதி அனுப்பிய பெயரை, அதுவும் நான்கு வருடமாக ஒருவரைக்கூட உள்ளே கொண்டுபோக முடியாத நீதிமன்றத்துக்கு வந்த பெயரை, ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் எதிர்ப்பார்களா என்ன? அந்த முணுமுணுப்பு அரங்கத்துக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. குடியரசுக் கட்சியினருக்கோ இந்த வாடிக்கையாளர் பட்டியல் உறுத்தவில்லை.

ஹாலிகன் ஏன் விழுந்தார்

ஹாலிகனும் இப்படித்தான் கட்சிக்காரருக்காக வாதாடினார். 2001 முதல் 2007 வரை நியூயார்க் மாகாணத்தின் சொலிசிட்டர் ஜெனரல். அந்தப் பதவியில் இருந்தபோது மாகாண அரசு துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் பொதுமக்களுக்குத் தொல்லை விளைவிக்கிறார்கள் என்று அவர்கள் மீது வழக்கு தொடுத்திருந்தது. அதில் மாகாணத்தின் வாதத்தை எழுதியவர்களில் அவரும் ஒருவர். வழக்கு தோற்றது. பிறகு 2005இல் நாடாளுமன்றமே அப்படிப்பட்ட வழக்குகளைத் தடுத்துச் சட்டம் போட்டது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் 2010இல் ஒபாமா அவர் பெயரை முதலில் அனுப்பியபோது தேசிய துப்பாக்கிச் சங்கம் அந்தப் பழைய மனுக்களைக் கையில் எடுத்தது. அந்தச் சங்கம் எதிர்க்கிற ஒருவருக்கு ஓட்டுப் போடுவது ஒரு குடியரசுக் கட்சி செனட்டருக்குச் சொந்த ஊரில் தலைவலி.

அன்றைய விதிப்படி நியமனத்தை நிறைவேற்ற 51 ஓட்டு போதும், ஆனால் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுவர 60 வேண்டும். சிறுபான்மைக் கட்சி 41 பேரைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் எந்த நியமனமும் அந்தரத்தில் தொங்கும். பிலிபஸ்டர் என்பது இதுதான். 2011 டிசம்பரில் ஹாலிகனுக்கு 54–45. பெரும்பான்மை இருந்தும் போதவில்லை. 2013 மார்ச் 6 அன்று மறுபடி, 51–41. அன்றைக்கென்று பார்த்து செனட்டர் ராண்ட் பால் ட்ரோன் தாக்குதலைக் கண்டித்து 13 மணி நேரம் நின்றுகொண்டே பேசினார். தொலைக்காட்சிகள் எல்லாம் அந்தப் பிலிபஸ்டரைக் காட்டிக்கொண்டிருந்தன. ஒரு நீதிபதியின் நியமனத்தை அன்று காலையில் சத்தமில்லாமல் முடித்துவிட்ட இன்னொரு பிலிபஸ்டரை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. மார்ச் 22 அன்று ஹாலிகன் பெயர் திரும்பப் பெறப்பட்டது. பத்து வருடம் கழித்து, 2023இல், நியூயார்க் மாகாணத்தின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் அவர் நீதிபதி ஆனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எக்ஸானுக்கு வாதாடியவர் தப்பினார், துப்பாக்கி நிறுவனத்தை எதிர்த்து வாதாடியவர் மாட்டினார். வழக்கறிஞரைக் கட்சிக்காரரோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது என்று இரு தரப்பும் சபையில் பேசும். எந்தக் கட்சிக்காரர் என்பதைப் பொறுத்துத்தான் அந்தக் கொள்கைக்கு உயிர் வருகிறது.

ஜூன் முதல் ஏப்ரல் வரை

2012 ஜூனில் பெயர் போனது, ஆனால் அது தேர்தல் ஆண்டு. தேர்தல் ஆண்டின் கோடை வந்துவிட்டால் மேல்முறையீட்டு நீதிபதிகளைத் தொடக்கூடாது என்று செனட்டில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. யாருக்கு வசதியோ அவர்கள் அப்போது அதை நினைவுபடுத்துவார்கள். செனட்டின் நீதித்துறைக் குழு ஆளை நேரில் வரவழைத்துக் கேள்வி கேட்கும் விசாரணை நடக்கவே இல்லை. 2013 ஜனவரி 2 அன்று, அந்த செனட்டின் காலம் முடிவதால், பெயர் விதிப்படி ஜனாதிபதிக்குத் திரும்பி வந்தது. மறுநாளே ஒபாமா மறுபடி அனுப்பினார்.

டி.சி. சர்க்யூட்டில் ஒரு வசதி உண்டு. மற்ற மாகாணங்களில் ஒரு நீதிபதியின் பெயர் வந்தால், அந்த மாகாணத்தின் இரண்டு செனட்டர்களும் ஒரு நீலச் சீட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற மரபு இருந்தது. சீட்டு வராவிட்டால் விசாரணையே கிடையாது. வாஷிங்டன் நகரத்துக்கு செனட்டரே இல்லை, ஆகவே நீலச் சீட்டும் இல்லை. ஒரு கதவு குறைவு. அதனாலோ என்னவோ சண்டை முழுவதும் சபையின் நடுக்கூடத்துக்கு வந்துவிடும்.

புதிதாக ஒரு முட்டுக்கட்டையும் முளைத்தது. மினசோட்டாவின் செயின்ட் பால் நகரம் வீட்டுவசதிப் பாகுபாடு பற்றிய ஒரு வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய்விட்டு 2012இல் திடீரென்று வாபஸ் வாங்கியது. நீதித்துறை அதிகாரி டாம் பெரஸ் அந்த நகரத்தோடு பேரம் பேசி வாபஸ் வாங்க வைத்தார் என்பது குடியரசுக் கட்சியின் குற்றச்சாட்டு. சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகத்தில் இருந்த சீனிவாசனுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்டார்கள், ஆவணம் கேட்டார்கள். பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் விசாரணை ஏப்ரல் வரை தள்ளிப்போனது.

அந்தக் காத்திருப்பில் அவர் வேலையை விடவில்லை. மார்ச் 27 அன்று, விசாரணைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, வின்ட்சர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் நின்றார். ஒருபாலின மணத்தை மத்திய அரசு அங்கீகரிக்கக் கூடாது என்ற 1996ஆம் ஆண்டுச் சட்டம் செல்லுமா என்ற வழக்கு, அந்த வருடத்தின் மிகச் சூடான வழக்கு. நீதிபதி ஆவதற்குக் காத்திருக்கும் எவரும் காத தூரம் ஓட வேண்டிய இடம். ஆனால் அவருக்குக் கிடைத்த பகுதியைப் பாருங்கள். சட்டம் சரியா தவறா என்பதை அவருடைய மேலதிகாரி டொனால்ட் வெர்ரில்லி பேசுவார். சீனிவாசன் பேச வேண்டியது, இந்த வழக்கைக் கேட்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறதா என்ற வறண்ட கேள்வியை மட்டும். சட்டம் செல்லாது என்று கீழ்நீதிமன்றம் சொன்னது சரி என்று அரசே ஒப்புக்கொள்கிறது, பிறகு ஏன் அரசு மேல்முறையீடு செய்கிறது? அரசு வழக்கறிஞர்கள் வழக்கமாக அணியும் அந்த நீண்ட பழங்காலக் கோட்டில் அவர் நிற்க, இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறீர்களே என்ற பொருளில் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் மடக்கினார். வழக்கத்துக்கு மாறானதுதான், சூழ்நிலையும் அப்படிப்பட்டது என்ற தொனியில் இவர் பதில் சொன்னார். சட்டத்தை எதிர்க்கிறீர்கள், ஆனால் தொடர்ந்து அமல்படுத்தவும் செய்கிறீர்கள், இது என்ன புது உலகம் என்று ஸ்காலியா இடித்தார். அதிகார வரம்பைப் பற்றிய இந்தக் கேள்வி பதிலில் யாரையும் கோபப்படுத்தக்கூடிய ஒரு வாக்கியம்கூட இல்லை.

அதே வழக்கில் அந்தச் சட்டத்தைக் காப்பாற்ற வாதாடியவர் பால் கிளெமென்ட், இவருடைய பழைய மேலதிகாரி. சீனிவாசனை நீதிபதியாக்கலாம் என்று செனட்டுக்குக் கடிதம் எழுதிய முன்னாள் சொலிசிட்டர் ஜெனரல்கள், முதன்மைத் துணைகள் 12 பேரில் கிளெமென்டும் உண்டு. ஓல்சனும் உண்டு. கிளின்டனை விசாரித்த கென் ஸ்டாரும் உண்டு. ஸ்டார் கையெழுத்துப் போட்ட ஒருவரைத் தீவிர இடதுசாரி என்று எந்தக் குடியரசுக் கட்சி செனட்டர் சொல்ல முடியும்?

ஏப்ரல் 10 அன்று விசாரணை. இரண்டாவது வரிசையிலிருந்து பார்த்தால் தூக்கம் வந்திருக்கும், அவ்வளவு சுமுகம். டெக்சாஸ் செனட்டர் டெட் க்ரூஸ், இருவரும் நான்காவது சர்க்யூட்டில் கிளார்க்காக இருந்த காலத்திலிருந்தே நண்பர்கள் என்றும், அந்த நட்பு சீனிவாசனுக்குக் குறையாகப் போய்விடக் கூடாது என்றும் கிண்டலடித்தார். நீதிக்கொள்கை என்ன என்ற கேள்விக்கு, எல்லாவற்றுக்கும் பொருத்துகிற மாதிரி பெரிய கொள்கை எதுவும் தன்னிடம் இல்லை என்கிற தோரணையில் பதில். அரசமைப்பு எழுதப்பட்டபோது அதற்கு இருந்த பொருள் பற்றிய கேள்வி வந்தால் வாசகத்தையும் முன்தீர்ப்பையும் பார்ப்பேன் என்பது போன்ற வழக்கமான பதில்கள். சுவாரசியமே இல்லாமல் இருப்பதுதான் இந்த மேடையில் சாமர்த்தியம்.

எட்டு என்ற எண்

அன்றைய நாளின் உண்மையான செய்தி சீனிவாசனைப் பற்றியதே இல்லை. அதே ஏப்ரல் 10 அன்றுதான் குழுவில் குடியரசுக் கட்சியின் மூத்த உறுப்பினரான அயோவாவின் சக் கிராஸ்லி ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். டி.சி. சர்க்யூட்டுக்கு வேலைப்பளு குறைவு, எனவே 11 நாற்காலிகளில் மூன்றை எடுத்துவிட வேண்டும் என்பது சாரம். ஒன்று ஒழியும், இரண்டு வேறு சர்க்யூட்களுக்குப் போகும். மீதி எட்டு.

ஏற்கெனவே இருப்பவர்கள் ஏழு பேர். சீனிவாசன் வந்தால் எட்டு. அத்தோடு கடையை மூடிவிடலாம்.

இந்தக் கூட்டலைக் கவனித்தால் 97–0 வேறு மாதிரி தெரிகிறது. குடியரசுக் கட்சி ஹாலிகனைத் தடுத்துவிட்டது. அடுத்து வந்தவரையும் தடுத்தால், ஆளைப் பார்க்காமல் எல்லோரையும் மறிக்கிறார்கள் என்று ஜனநாயகக் கட்சி சொல்லும், விதியையே மாற்றிவிடுவோம் என்று மிரட்டிக்கொண்டிருந்த பெரும்பான்மைத் தலைவர் ஹேரி ரீடுக்கு அது சாக்காகும். தகுதியான ஆளை நாங்கள் விட்டுத்தானே கொடுத்தோம் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. கிளெமென்ட்டும் ஸ்டாரும் கையெழுத்திட்ட, க்ரூஸின் நண்பரான, புஷ் காலத்து ஊழியரை விட வசதியான பெயர் கிடைக்குமா? இருபக்கமும் நான்குக்கு நான்கு என்று ஆகும், அதற்கு மேல் போகாது. இது என் வாசிப்பு, எந்த செனட்டரும் இப்படி வெளிப்படையாகச் சொன்னதில்லை. ஆனால் அடுத்து நடந்ததைப் பார்த்தால் வேறு எப்படியும் வாசிக்க முடியவில்லை.

மே 16 அன்று குழுவில் 18–0. மே 23 அன்று சபையில் 97–0. மறுநாள் நியமன ஆணை. ஜூன் 4 அன்று ஒபாமா மீதி மூன்று நாற்காலிகளுக்கும் மூன்று பேரை வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் வரிசையாக நிறுத்தி அறிவித்தார். பட்ரீசியா மில்லெட், கார்னேலியா பில்லார்ட், ராபர்ட் வில்கின்ஸ்.

இதில் மில்லெட்டைப் பாருங்கள். சீனிவாசனை அச்சில் வார்த்த மாதிரி பின்னணி. இரு கட்சி ஆட்சியிலும் சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகத்தில் நீண்ட காலம், உச்ச நீதிமன்றத்தில் 32 வழக்குகள், இரு தரப்பு முன்னாள் சொலிசிட்டர் ஜெனரல்களின் ஆதரவுக் கடிதம், கடற்படையில் பணியாற்றிய கணவர். ஹாலிகனைப் போலத் துப்பாக்கிப் பிரச்சினையும் இல்லை. அக்டோபர் 31 அன்று 55–38, அறுபது எட்டவில்லை. நவம்பர் 12 அன்று பில்லார்ட், நவம்பர் 18 அன்று வில்கின்ஸ், இருவருக்கும் அதே கதி. எதிர்த்தவர்கள் இந்த மூவரின் தகுதியைப் பற்றி அதிகம் பேசக்கூட இல்லை. நீதிமன்றத்துக்கு வேலை போதாது, இனி ஆள் தேவையில்லை என்றார்கள். சீனிவாசனுக்கும் மில்லெட்டுக்கும் உள்ள வித்தியாசம் அவர் எட்டாவது, இவர் ஒன்பதாவது என்பதுதான்.

நவம்பர் 21 அன்று ரீட் தன் மிரட்டலை நிறைவேற்றினார். உச்ச நீதிமன்றம் தவிர்த்த எல்லா நியமனங்களுக்கும் விவாதத்தை முடிக்க இனி சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று 52–48 ஓட்டில் சபை தன் நடைமுறையை மாற்றிக்கொண்டது. டிசம்பரில் மில்லெட் 56–38, பில்லார்ட் 51–44. ஜனவரியில் வில்கின்ஸ் 55–43. பதினோரு நாற்காலியும் நிரம்பின. 2017இல் குடியரசுக் கட்சி இதே கத்தியை எடுத்து உச்ச நீதிமன்ற நியமனங்களுக்கான தடையையும் வெட்டியது.

அதற்குப் பிறகு

2013 செப்டம்பர் 26 அன்று முறைப்படி பதவியேற்பு விழா நடந்தது. உறுதிமொழியைச் சொல்லிக்கொடுத்தவர் ஓ'கானர். அம்மா பிடித்திருந்த பகவத் கீதையின் மேல் கை வைத்து சீனிவாசன் உறுதிமொழி எடுத்தார்.

அவர் தீர்ப்புகளை வைத்து அவரை ஒரு கூட்டில் அடைப்பது சிரமம். 2015இல் வீட்டுப் பராமரிப்புத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் உண்டு என்ற தொழிலாளர் துறையின் விதியைச் சரி என்றார். அதே மாதத்தில், உச்ச நீதிமன்ற வாசலில் உள்ள பளிங்குத் திடலில் ஆர்ப்பாட்டம் செய்யத் தடை விதிக்கும் சட்டமும் செல்லும் என்றார். 2016 ஜூனில் டேவிட் டேடலோடு சேர்ந்து எழுதிய தீர்ப்பு, இணையச் சேவை நிறுவனங்கள் எல்லாத் தளங்களையும் சமமாக நடத்த வேண்டும் என்ற இணையச் சமநிலை விதிகளைக் காப்பாற்றியது.

அந்த 2016இல்தான் அவர் பெயர் மறுபடி நம் ஊர்ப் பத்திரிகைகளில் வந்தது. பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா இறந்ததும், அந்த இடத்துக்கான ஒபாமாவின் பட்டியலில் கடைசி வரை இருந்தவர்களில் சீனிவாசனும் ஒருவர் என்று செய்திகள் சொல்லின. 97–0 வாங்கியவரை எப்படி மறுப்பார்கள் என்று இங்கே நிறையப் பேர் கேட்டார்கள். மார்ச் 16 அன்று ஒபாமா அறிவித்தது அதே நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி மெரிக் கார்லண்டை. அவருக்கும் இரு கட்சியிலும் நல்ல பெயர். ஒரு விசாரணைகூட நடத்தாமல் செனட் அந்தப் பெயரைக் காலாவதி ஆக்கியது. அந்த இடத்தில் சீனிவாசன் பெயர் இருந்திருந்தாலும் பழைய 97 உதவியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 2013இல் கொடுத்தது ஒரு நாற்காலிக்கான ஓட்டு.

தலைமை நீதிபதி பதவி மட்டும் இந்தச் சண்டை எதுவும் இல்லாமல் வந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியை ஜனாதிபதியும் நியமிப்பதில்லை, செனட்டும் ஓட்டுப் போடுவதில்லை. நாட்காட்டி முடிவு செய்கிறது. முழுநேரப் பணியில் இருப்பவர்களில் யாருடைய நியமன ஆணை பழையதோ, அவருக்கு 65 வயது ஆகாமலும் இருந்தால், பதவி தானாக அவருக்கு வரும். ஏழு வருடத்துக்கு மேல் இருக்க முடியாது. 2013 பிப்ரவரியில் தலைமைக்கு வந்த கார்லண்டுக்கு 2020 பிப்ரவரியில் ஏழு வருடம் முடிந்தது. சீனிவாசனுக்கு மூத்தவர்களில் ஹென்டர்சன், ரோஜர்ஸ், டேடல் மூவரும் வயது கடந்தவர்கள். கிரிஃபித்துக்கு ஏழு மாதம் முன்புதான் 65 முடிந்திருந்தது. ஜானிஸ் ராஜர்ஸ் பிரவுன் ஓய்வு பெற்றுவிட்டார். கவனா உச்ச நீதிமன்றத்துக்குப் போய்விட்டார். 2020 பிப்ரவரி 12 அன்று சீனிவாசன் தலைமை நீதிபதி ஆனார், ஒரு கூட்டாட்சி சர்க்யூட்டுக்குத் தலைமை ஏற்ற முதல் தெற்காசியர்.

இங்கேதான் 2013 மே 24 தேதியிட்ட ஆணையின் மதிப்பு தெரிகிறது. ஹாலிகன் முதல் முயற்சியிலேயே உள்ளே வந்திருந்தால் வரிசையில் அவர்தான் முன்னால் நின்றிருப்பார். அவருக்கு மறுக்கப்பட்ட நாற்காலியில், விதி மாறிய பிறகு, 2013 டிசம்பரில் வந்து உட்கார்ந்தவர் மில்லெட். சீனிவாசனின் ஏழு வருடம் 2027 பிப்ரவரியில் முடியும்போது மில்லெட்டுக்கு 63 வயது இருக்கும். அதுவரை அவர் முழுநேரப் பணியில் இருந்தால், வரிசைப்படி அடுத்த தலைமை நீதிபதி அவர்தான்.